மக் சுடுகிறது, இழுபடுகிறது: அன்டிவைரஸ் பின்னணியில் ஓடும்போது எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது

"அன்டிவைரஸ் போட்ட நாளிலிருந்து மெசின் இழுபடுது" என்று சொல்பவர்களில் பலர் அதைக் கழற்றி எறியும் முடிவோடுதான் வருகிறார்கள். கழற்றிய பிறகும் சூடு குறையாமல் திரும்பி வருபவர்களும் உண்டு, இழுத்தது வேறொன்றாக இருந்திருக்கும். ஆகவே அறிகுறி எதுவானாலும் கை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி முதல் பகுதியைச் செய்யுங்கள். பிறகு உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே போகலாம்.

## எல்லோருக்கும்: முதலில் பெயரைப் பாருங்கள்

கொமாண்ட் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி, வரும் தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டி அக்டிவிட்டி மொனிட்டரைத் திறங்கள். எது எவ்வளவு சிபியூ, மெமரி தின்கிறது என்று காட்டும் மக்கின் சொந்த அப் அது. மேலே வியூ மெனுவில் ஆல் ப்ரொசெஸஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள் (ப்ரொசெஸ் என்பது மெசினில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை). அன்டிவைரஸின் முக்கிய பகுதி உங்கள் பெயரில் ஓடுவதில்லை, மெசினின் நிர்வாகக் கணக்கான ரூட் என்ற பெயரில் ஓடுகிறது. உங்களுடையதை மட்டும் காட்டும் பட்டியலில் அது வராது.

சிபியூ பக்கத்தில் சதவீதத் தலைப்பை அழுத்தினால் அதிகம் தின்பது மேலே வரும். அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். 100 என்பது ஒரு கோர் (சிபியூவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) முழுவதும் என்றுதான் பொருள். எட்டுக் கோர் உள்ள எம்1 மக்கில் மொத்தம் 800 வரை போகும். அன்டிவைரஸ் 90 காட்டினால் மெசினின் எட்டில் ஒரு பங்குதான் அதன் கையில். இன்டெல் இரட்டைக் கோர் எயாரில் அதே 90 நிச்சயம் உறைக்கும்.

சதவீதத்தை விட நம்பத்தகுந்தது பக்கத்தில் இருக்கும் சிபியூ டைம். அந்த ப்ரொசெஸ் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் சிபியூவைப் பிடித்திருக்கிறது என்று அது சொல்லும். காலையில் போட்ட மெசினில் மதியத்துக்குள் அன்டிவைரஸ் இரண்டு மணி நேரம் காட்டினால் அதுதான் ஆள். இரண்டு நிமிடம் மட்டும் காட்டினால், நீங்கள் பார்த்த நேரத்தில் தற்செயலாக மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெயரை எப்படி இனங்காண்பது? பிட்டிஃபென்டர் என்றால் பி.டி.எல் டெமன், மல்வெயார்பைட்ஸ் என்றால் ஆர்.டி ப்ரொடெக்‌ஷன் டெமன், மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் என்றால் டபிள்யூ.டி.ஏ.வி டெமன், கிளாம் வகை என்றால் கிளாம்.டி. சோஃபோஸும் அவாஸ்டும் தங்கள் பெயரோடேயே நிற்கும். எம்.டி.எஸ், எம்.டி வேர்க்கர் என்று தொடங்குபவை ஸ்பொட்லைட் தேடலுக்கு உரியவை, அன்டிவைரஸ் இல்லை. எக்ஸ்ப்ரொடெக்ட் என்று தொடங்குபவை மக்கிலேயே உள்ள பாதுகாப்பு, அவற்றைத் தொடவே வேண்டாம்.

## "ஃபான் நிற்காமல் கத்துது, மடியில் வைக்க ஏலாது"

### மேலே நிற்பது அன்டிவைரஸ் என்றால்

அதன் ஐகனைத் திறந்து ஸ்கான் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முடிய விடுங்கள். முதன்முறை முழு ஸ்கான் பல மணி நேரம் எடுக்கலாம், இரண்டாவது முறை பெரும்பாலும் வேகமாக முடியும். வேலை நேரத்தில் ஓடினால் அட்டவணையை மாற்றுங்கள். வாரத்துக்கு ஒரு முழு ஸ்கான் வீட்டு மெசினுக்குத் தாராளம். தினசரி முழு ஸ்கான் போட்டு வைத்திருப்பவர்கள் அதைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஸ்கான் எதுவும் ஓடவில்லை, ஆனாலும் மேலேயே நிற்கிறது என்றால் அனுமதியைப் பாருங்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, ஃபுல் டிஸ்க் அக்ஸஸ். மக் ஓ.எஸ்ஸைப் பெரிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு இந்த இடத்தில் சில வேளை அன்டிவைரஸின் பெயர் இருக்கும், அனுமதி சரியாக ஒட்டியிருக்காது. அணைத்து, மறுபடி போட்டு, மெசினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அன்டிவைரஸையும் அதே நாளில் புதிய பதிப்புக்குக் கொண்டு வாருங்கள். 2019இல் வந்த கட்டலினா என்ற மக் ஓ.எஸ் பதிப்பிலிருந்து இவை இயங்கும் விதமே மாறியது. அதற்கு முந்திய அன்டிவைரஸை இன்றைய மக்கில் வைத்திருப்பதில் பயனில்லை.

### இரண்டு அன்டிவைரஸ் இருந்தால்

கட்டாயம் பார்க்க வேண்டியது இது. ஒரு ஃபைலைத் திறந்தால் முதலாவது அதைப் படிக்கிறது, முதலாவது படிப்பதைக் கண்டு இரண்டாவது படிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று துரத்தும்போது ஃபான் நிற்காது. வங்கி வேலைக்கு என்று ஒன்று, பிரின்டருடன் வந்த சீடியில் ஒன்று, கம்பஸ் தந்த ஒன்று என்று சேர்ந்துவிடும். உடனடிக் காவல் (ஃபைல் திறக்கும்போதே, எழுதும்போதே சோதிப்பது) உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முறையாக அகற்றுங்கள் (எப்படி என்பது கீழே). நீங்கள் அழுத்தினால் மட்டும் ஸ்கான் செய்யும் வகை இரண்டாவதாக இருப்பதில் தவறில்லை.

### மேலே நிற்பது எம்.டி.எஸ் வகை என்றால்

ஸ்பொட்லைட் தேடலுக்காக ஃபைல்களின் அட்டவணை போடுகிறது. ஓ.எஸ் அப்டேட்டுக்குப் பிறகும், பெரிய எக்ஸ்டேர்னல் டிஸ்க் குத்திய பிறகும் இது இயல்பு. அது தொடும் ஒவ்வொரு ஃபைலையும் அன்டிவைரஸும் பார்ப்பதால் இரண்டும் சேர்ந்து மேலே நிற்கும். சார்ஜரில் போட்டு ஒரு இரவு விடுங்கள். இரண்டு நாள் கடந்தும் நிற்கவில்லை என்றால் ஸ்பொட்லைட் செட்டிங்ஸில் உள்ள பிரைவசிப் பட்டியலில் அந்த டிஸ்கைச் சேருங்கள். உள் டிஸ்கே குழம்பியிருந்தால் அதையும் சேர்த்து, பட்டியலை மூடி, திரும்பத் திறந்து எடுத்துவிடுங்கள். அட்டவணை புதிதாகப் போடப்படும்.

### மேலே நிற்பது கேர்னல் டாஸ்க் என்றால்

இதைத்தான் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். கேர்னல் டாஸ்க் 300, 400 என்று காட்டும்போது அது வேலை செய்து மெசினைச் சூடாக்கவில்லை. மெசின் ஏற்கெனவே சூடாகிவிட்டதால், மற்ற ப்ரொசெஸ்களுக்குச் சிபியூ கிடைக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கொல்லவும் முடியாது, கொல்லவும் கூடாது.

அப்பிள் தன் மடிக்கணினிகளுக்குச் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 பாகை செல்சியஸ். கச்சான் வீசும் மாதங்களில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட அறையில் மதியம் ஒரு மணிக்கு 35ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் சாதாரண ஸ்கான் ஒன்றே போதும், கேர்னல் டாஸ்க் மேலே வர. வாடைக் காலத்தில் அதே மெசின், அதே அன்டிவைரஸ், சத்தமே இல்லாமல் ஓடும். ஆகவே முதலில் இடத்தை மாற்றுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைக்க வேண்டாம், பின்பக்க விளிம்பு இரண்டு விரல் உயர்ந்து நிற்க ஏதாவது கொடுத்து மேசை ஃபானைத் திருப்பிவிடுங்கள். முழு ஸ்கானைக் காலை ஐந்து, ஆறு மணிக்கு வையுங்கள். நான்கு யூ.எஸ்.பி சி துளை உள்ள இன்டெல் மக்புக் ப்ரோவில் சார்ஜரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், சிலவற்றில் அதற்கே கேர்னல் டாஸ்க் இறங்கிவிடும்.

எம்1இலிருந்து வந்த எயார்களில் ஃபானே கிடையாது. அவற்றில் சத்தம் வராது, வேகம் மட்டும் மெல்லக் குறையும். "ஃபான் ஓடேல்லை, பழுது" என்று அதைத் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: காலைக் குளிரில், எந்த ப்ரொசெஸும் 20ஐத் தாண்டாத நிலையிலும் ஃபான் முழு வேகத்தில் ஓடினால் சிக்கல் உள்ளே இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்று நேரே வரும் இடத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடிய மக்கின் அடித்தட்டைக் கழற்றினால், ஹீட்சிங்கின் இதழ்களுக்கும் ஃபானுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டி பிடித்திருக்கும். வெறும் தூசி ஊதினால் போய்விடும். உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசி துணிபோல ஒட்டியிருக்கும், ஊதினால் அசையாது. அதைத் தூரிகையால் எடுத்து, தேர்மல் பேஸ்ட் மாற்றுவது பழகிய கைக்குரிய வேலை. கொடுப்பதற்கு முன் அப்பிள் டயக்னொஸ்டிக்ஸ் ஓட்டிப் பாருங்கள். இன்டெல்லில் டி எழுத்தை அழுத்தியபடி ஒன் செய்ய வேண்டும். எம் வகையில் (எம்1 முதலானவை) பவர் பட்டனைப் பிடித்து, தொடக்கத் தெரிவுகள் வந்ததும் கொமாண்டும் டியும். பி.பி.எஃப் என்று தொடங்கும் குறியீடு வந்தால் ஃபான்.

## "ஒன் பண்ணி அரை மணி நேரம் ஒன்றும் செய்ய ஏலாது, பிறகு சரி"

இது பெரும்பாலும் பழுதில்லை, கடன் அடைப்பது. தவறிய ஸ்கானும் தவறிய அப்டேட்டும் காத்திருந்து, இணையமும் சார்ஜரும் கிடைத்ததும் ஒரேயடியாகத் தொடங்குகின்றன. பல அன்டிவைரஸ்கள் பட்டரியில் ஓடும்போது ஸ்கானைத் தள்ளிப் போடும். கரண்ட் போய் வந்த உடனே மெசின் இழுபடுவதற்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியது: ஸ்கான் செட்டிங்ஸில் தவறியதை உடனே ஓட்டும் தெரிவு இருந்தால் அணையுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லொகின் ஐட்டம்ஸில் அன்டிவைரஸ் தவிர்ந்த தேவையற்றவற்றை எடுங்கள். பின்னணியில் ஓட அனுமதிக்கும் பட்டியலும் அதே பக்கத்தில் கீழே இருக்கிறது. அங்கே அன்டிவைரஸின் சுவிட்சை மட்டும் அணைக்க வேண்டாம். அரைகுறையாக ஓடும் அன்டிவைரஸ் முழுதாக ஓடுவதை விட மோசம்.

அரை மணி நேரம் ஒன்றரை மணியாக நீண்டால், அவசியமானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் தொடங்கிப் பாருங்கள். இன்டெல்லில் ஷிஃப்டைப் பிடித்தபடி ஒன் செய்யுங்கள். எம் வகையில் பவர் பட்டனைப் பிடித்து, டிஸ்கைத் தெரிந்து, ஷிஃப்டைப் பிடித்தால் சேஃப் மோடில் தொடரும் பட்டன் வரும். அங்கும் இழுபட்டால் அன்டிவைரஸ் மேல் பழி இல்லை, டிஸ்கைச் சோதிக்கக் கொடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள ஐமக் என்றால் எஸ்.எஸ்.டி மாற்றுவதே மருந்து.

## "ஃபைல் கொப்பி பண்ணும்போதும், படங்கள் திறக்கும்போதும் மட்டும் இழுபடுது"

கல்யாண வீட்டுப் படம் எடுப்பவர்களும் கோடிங் செய்பவர்களும் சொல்வது இது. காரணத்தைக் கண்ணால் காணலாம். அக்டிவிட்டி மொனிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டிலிருந்து ஐந்நூறு படங்களைக் கொப்பி செய்யுங்கள். கொப்பி செய்யும் ஃபைண்டரின் பைட்ஸ் ரிட்டன் ஏற ஏற, அன்டிவைரஸின் பைட்ஸ் ரீட் கூடவே ஏறும். எழுதப்பட்ட ஒவ்வொரு படமும் உடனே திரும்பப் படிக்கப்படுகிறது. ஒரு பெரிய வீடியோவை விட ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள்தான் அதிகம் இழுக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு தனி விசாரணை.

தீர்வு உடனடிக் காவலை அணைப்பதில் இல்லை. விலக்குப் பட்டியலில் சரியான ஃபோல்டர்களைச் சேர்ப்பதில் இருக்கிறது. எக்ஸ்க்ளூஷன்ஸ் அல்லது எக்ஸெப்ஷன்ஸ் என்ற பெயரில் செட்டிங்ஸில் இருக்கும்.

சேர்க்கலாம்: ஃபோட்டோஸ் லைப்ரரி, லைட்ரூமின் ப்ரிவியூ ஃபோல்டர், ஃபைனல் கட் லைப்ரரி, பரலல்ஸ் போன்றவற்றின் வேர்ச்சுவல் டிஸ்க், எக்ஸ்கோடின் டிரைவ்ட் டேட்டா, டைம் மெசின் டிஸ்க். வேர்ச்சுவல் டிஸ்கைக் கட்டாயம் சேருங்கள். பத்து இருபது ஜிகாபைட் உள்ள அந்த ஒரே ஃபைல் வினாடிக்கு வினாடி மாறிக்கொண்டிருப்பதால் விசாரணைக்கு முடிவே இல்லை. உள்ளே ஓடும் விண்டோஸுக்கு அதன் சொந்தக் காவல் இருக்கட்டும்.

நோட் ஜே.எஸ் என்ற கோடிங் கருவியில் வேலை செய்பவர்கள் அதன் நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரைச் சேர்ப்பது வழக்கம். வேகம் கூடுவது உண்மை. ஆனால் வெளியிலிருந்து இறங்கும் குறியீடு நேரே வந்து விழும் இடமும் அதுதான். சேர்ப்பதானால் வாராந்த முழு ஸ்கானில் அது அகப்படுகிறதா என்று பாருங்கள். சில அன்டிவைரஸ்களில் உடனடிக் காவலுக்கும் முழு ஸ்கானுக்கும் தனித்தனி விலக்குப் பட்டியல் உண்டு, அப்படியானால் முதலாவதில் மட்டும் சேருங்கள்.

ஒருபோதும் சேர்க்கக் கூடாதவை: டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப், மெயில், முழு ஹோம் ஃபோல்டர், பென் டிரைவ். கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுக்கப் போய்வந்த பென் டிரைவில் விண்டோஸ் வைரஸ் தொற்றி வருவது இன்றும் நடக்கிறது. அது உங்கள் மக்கில் ஓடாது, ஆனால் உங்கள் கையாலேயே பாடசாலை மெசினுக்கோ கந்தோர் மெசினுக்கோ போய்ச் சேரும். அந்தக் காவலை விட்டுவிடாதீர்கள்.

இதோடு சிப் ஃபைல்களுக்குள்ளே பார்க்கும் தெரிவை உடனடிக் காவலில் அணைத்து முழு ஸ்கானில் மட்டும் விடுங்கள். சிப்பைத் திறந்து விரிக்கும்போது உள்ளே இருப்பவை எப்படியும் விசாரிக்கப்படும்.

விலக்கு எல்லாம் போட்டும் கொப்பி வேகம் ஏறவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள், வேறு துளையில் குத்துங்கள். பிறகும் எக்ஸ்டேர்னல் டிஸ்க் டிக் டிக் என்றால் அதில் உள்ளதை அன்றே வேறிடத்துக்கு எடுங்கள், ஸ்கான் ஓட்டி அதை வதைக்க வேண்டாம். உள்ளே உள்ளது ஒரே பிரதி என்றால் டேட்டா மீட்பவரிடம் கொடுப்பதற்கு முன் மறுபடி குத்தவே வேண்டாம்.

## "மூடி வைத்தாலும் பட்டரி இறங்குது"

அக்டிவிட்டி மொனிட்டரில் எனர்ஜி பக்கத்தைத் திறங்கள். ப்ரிவென்டிங் ஸ்லீப் என்ற நிரலில் யெஸ் என்று இருப்பவைதான் மெசினைத் தூங்க விடாதவை. அன்டிவைரஸ் அங்கே இருந்தால் இரவில் ஸ்கான் அட்டவணை இருக்கிறதா பாருங்கள், பட்டரியில் ஸ்கான் வேண்டாம் என்ற தெரிவைப் போடுங்கள்.

அன்டிவைரஸ் அங்கே இல்லை என்றால் பட்டரி செட்டிங்ஸில் ஒப்ஷன்ஸ். நெட்வேர்க்குக்காக விழிக்கும் தெரிவைச் சார்ஜரில் மட்டும் என்று வையுங்கள். இன்டெல்லில், தூக்கத்திலும் வேலை செய்ய விடும் பவர் நாப்பையும் அணையுங்கள்.

பட்டரி ஹெல்த்தில் சேர்விஸ் என்று காட்டினால் எந்தச் செட்டிங்கும் உதவாது. மூடி சரியாகப் பொருந்தாமல் நின்றாலோ, ட்ரக்பாட் அழுத்த இறுக்கமாக இருந்தாலோ பட்டரி வீங்கியிருக்கலாம். உடனே சார்ஜரைக் கழற்றி, ஷட் டவுன் செய்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அது அன்று செய்ய வேண்டிய வேலை, வார இறுதிக்கு ஒத்திவைக்கக் கூடாது.

## "டேட்டா முடிஞ்சு போகுது"

நெட்வேர்க் பக்கத்தில் ரிசீவ்ட் பைட்ஸ் நிரலை அழுத்துங்கள். வைரஸ் பட்டியல் அப்டேட் சிறியது, அதுவே டேட்டாவை முடிக்காது. முடிப்பது அன்டிவைரஸோடு சேர்ந்து வரும் வீ.பி.என், கிளவுட் பக்கப், அல்லது ஓ.எஸ் அப்டேட். முதல் இரண்டையும் அணையுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சொஃப்ட்வெயார் அப்டேட் பக்கத்தில் ஓ.எஸ் அப்டேட்டைத் தானாக இறக்குவதை நிறுத்தி, நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா தரும் பக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் கையால் இறக்குங்கள். ஆனால் அதே பக்கத்தில் உள்ள செக்யூரிட்டி ரெஸ்பொன்ஸஸ் அன்ட் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும். எக்ஸ்ப்ரொடெக்டின் புதிய வைரஸ் பட்டியல் அந்த வழியாக வருகிறது, அளவும் சிறிது.

## "அன்டிவைரஸை அழித்துவிட்டேன், ஆனாலும் ஓடுது"

### ட்ராஷில் இழுத்துப் போட்டிருந்தால்

அப் மட்டும்தான் போயிருக்கிறது. காவலாள் லைப்ரரிக்குள் இருக்கிறது. அதே அன்டிவைரஸைத் திரும்ப நிறுவுங்கள், பிறகு அதன் சொந்த அன்இன்ஸ்டோலரை ஓட்டுங்கள். மெனுவிலோ, இறக்கிய டி.எம்.ஜி ஃபைலுக்குள்ளேயோ இருக்கும். சுற்றுவழியாகத் தெரிந்தாலும் இதுவே சுத்தமான வழி.

அது முடியாவிட்டால் ஃபைண்டரில் ஷிஃப்ட், கொமாண்ட், ஜி அழுத்தி, டிஸ்கின் மேல் மட்டத்தில் உள்ள லைப்ரரிக்குப் போங்கள். லோன்ச் டெமன்ஸ், லோன்ச் ஏஜன்ட்ஸ், அப்ளிகேஷன் சப்போர்ட் ஆகிய மூன்றிலும் அந்த நிறுவனத்தின் பெயர் தாங்கியவற்றை மட்டும் எடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் புரியாதவற்றைத் தொடாதீர்கள். மக் ஓ.எஸ் செக்கோயாவிலும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் லொகின் ஐட்டம்ஸ் பக்கத்தின் அடியில் என்ட்போயின்ட் செக்யூரிட்டி எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வரி இருக்கிறது. அங்கே பழைய பெயர் நின்றால் அதையும் அணையுங்கள்.

### வெளிநாட்டிலிருந்து வந்த மக் என்றால்

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மாமா, தான் கந்தோரில் பாவித்ததை அனுப்பியிருப்பார். ஜெனரலுக்குள் டிவைஸ் மனேஜ்மன்ட் என்ற பக்கத்தைப் பாருங்கள் (வென்ச்சுரா, சொனோமா பதிப்புகளில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் ப்ரொஃபைல்ஸ்). அங்கே ஒரு நிறுவனத்தின் ப்ரொஃபைல் இருந்தால் அன்டிவைரஸ் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் அழித்தாலும் திரும்ப வரும். மெசினை முழுதாக அழித்து நிறுவினாலும், நிறுவனத்தின் அப்பிள் பதிவில் சீரியல் இலக்கம் இருக்கும் வரை அது மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இதைத் தீர்க்கக் கூடியவர் மாமாதான். பழைய கந்தோரின் ஐ.டி பிரிவுக்குச் சீரியல் இலக்கத்தை அனுப்பி, பதிவிலிருந்து விடுவிக்கச் சொல்ல வேண்டும். கணக்கு முடித்துக் கொடுத்த மெசின் என்றால் அவர்களுக்கு அது சிறு வேலை. "பைபாஸ் பண்ணித் தாறன்" என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் பூட்டு திரும்ப வரலாம், அதுவரை உங்கள் மெசினில் அவர் எதைத் திறந்து வைத்தார் என்பதும் தெரியாது. இன்னும் வாங்கவில்லை, விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் காசு கொடுப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

## "வண்ணச் சக்கரம் சுத்துது, மெமரி இல்லை என்று வருது"

மெமரி பக்கத்தின் அடியில் உள்ள ப்ரெஷர் வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ரேம் போதும், மேலே எவ்வளவு எண் காட்டினாலும் கவலையில்லை. மஞ்சள், சிவப்பு என்றால் போதவில்லை. கிளாம் வகை தன் வைரஸ் பட்டியல் முழுவதையும் ரேமில் ஏற்றி வைப்பதால் ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் பிடிப்பது இயல்பு. 8 ஜிகாபைட் மெசினில் அதோடு முப்பது குரோம் தாவல்கள் என்றால் மஞ்சள் நிச்சயம். தாவல்களை மூடுங்கள், டிஸ்கில் 20 ஜிகாபைட்டாவது காலியாக வையுங்கள், அன்டிவைரஸோடு வந்த கிளீனர், பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போன்றவற்றை எடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, நாளுக்கு நாள் அன்டிவைரஸின் மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. புதிய பதிப்பைப் போடுங்கள், தீராவிட்டால் வேறொன்றுக்கு மாறுங்கள். எம் வகை மக்கில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. கூட்டித் தருவதாகச் சொல்பவரிடம் மெசினை விட்டுவிட்டு வராதீர்கள்.

## கொடுக்கும் முன்

டைம் மெசின் பக்கப் ஒன்று எடுத்து டிஸ்கை வீட்டில் வையுங்கள். சிக்கல் நடக்கும் நேரத்தில் ஷிஃப்ட், கொமாண்ட், 3 அழுத்தி அக்டிவிட்டி மொனிட்டரின் சிபியூ, மெமரி, டிஸ்க் பக்கங்களைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் ஒன் செய்தால் எல்லாம் சரியாக ஓடும், அப்போது அந்தப் படங்கள்தான் பேசும். உத்தரவாதம் இருக்கும் மெசின் என்றால் இங்கே அடித்தட்டைக் கழற்ற விடாமல் கொழும்பில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்கே அனுப்புங்கள். கடவுச்சொல்லை எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டாம், பரிசோதனைக்கென்று யூசர்ஸ் அன்ட் குரூப்ஸில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள்.